ஏரி மட்டும் பச்சையாகவில்லை!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

காலை ஆறு நாற்பது. நெல்லிமேடு காவல் நிலையத்தின் டெலிபோன் விடாமல் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் தெய்வநாயகி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"காசிநாதன் சார்தானே? இதோ, கிளம்பிட்டேன் சார்..."

"காசிநாதனைப் பத்திதான் மேடம்!" மறுமுனையில் ஓர் ஆண் குரல் மூச்சு வாங்கியது. "நான் ஜெகதீசன். படகு வீட்டு ஓனர். அவரு... எங்க படகுத்துறையில மெதந்துகினு கீறாரு மேடம்!"

"காலையிலேயே நீச்சலா?"

"குப்புற மேடம்!"

தெய்வநாயகி ரிசீவரை வைத்தாள். டீயை மறந்தாள்.

நேற்று இரவு எட்டு மணிக்குத்தான் காசிநாதன் போன் பண்ணியிருந்தார். 'விடியக்காலை அஞ்சு மணிக்கு வர முடியுமாம்மா? ஒரு விஷயம் காட்டணும். வாயால சொன்னா நம்ப மாட்டீங்க.'

'அஞ்சு மணிக்கா? ஏழு மணிக்கு வெச்சுக்கலாமே சார்' என்று சொன்னவள் அவள்தான்.

அவர் சிரித்தார். 'அது ஏழு மணி வரைக்கும் எனக்காக நிக்காதும்மா' என்றார்.

அவர் போய்விட்டார். அவள் தூங்கிவிட்டாள்.

"எத்திராஜ்! ஜீப்பை எடுங்க!"

*

2006 ஜனவரி. பொங்கலுக்கு இரண்டே நாள்.

போன மழைக்கு நெல்லிமேட்டு ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. வேடந்தாங்கலில் இடம் கிடைக்காத பறவைகள் எல்லாம் இங்கே வந்து கருவேல மரங்களில் ஒண்டியிருந்தன. அவற்றைப் பார்க்க சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்து ஜெகதீசன் வந்தார். கோவளத்தில் மோட்டார் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர், போன வருஷம் இங்கே ஒரு படகு வீட்டையே கொண்டுவந்து இறக்கினார்.

பெயர் ஜலராணி. ஆறு அறை. ஆறு கழிவறை.

அந்த ஆறு கழிவறைதான் ஊரை இரண்டாக்கியது.

அது போகும் இடம் எது? ஊரே குடிக்கும் ஏரி ஆயிற்றே!

ஊராட்சியில் தீர்மானம் போட்டார்கள். படகின் கழிவு படகுக்குள்ளேயே தொட்டியில் சேர வேண்டும். ஏரிப் பக்கம் திறக்கும் வால்வுக்கு ஈய முத்திரை. தினமும் விடியற்காலை செப்டிக் டேங்க் லாரி வந்து தொட்டியை உறிஞ்சிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். முத்திரையைச் சோதிக்க ஓர் ஆள்.

அந்த ஆள்தான் காசிநாதன். கல்பாக்கத்தில் ஆய்வகத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒண்டிக்கட்டை. சம்பளமில்லாத வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறவர்களைவிட ஒழுங்காகச் செய்கிற ரகம். இந்த ரகத்தை யாருக்கும் பிடிக்காது.

இப்போது படகுத்துறைக் கல்லில் நனைந்து கிடந்தார்.

ஏட்டு எத்திராஜ் குனிந்தார். கண்களைக் கசக்கிக்கொண்டார். மறுபடி குனிந்தார்.

"மேடம்... தலைமுடியெல்லாம் பச்சையா கீது!"

தலைமுடி மட்டுமா? முகம் பச்சை. கழுத்து பச்சை. சட்டைக் காலர் வரைக்கும் பளீரென்று பச்சை!

"இன்னா இது ஜெகதீசன்?"

"சாயம் மேடம்!" படகு ஓனர் தங்கச் செயினைத் தடவிக்கொண்டே சொன்னார். "நேத்து சாயந்திரம் இவரே எடுத்துகினு வந்தாரு. ஒரு ஸ்பூன் போட்டா ஒரு கெணறே பச்சையாயிடுமாம். ஆறு டாய்லெட்லயும் போட்டு தண்ணி ஊத்தினாரு. 'காலையில ஏரி பச்சையா இருந்தா உன் படகு ஒழுகுது. இல்லாட்டி நீ யோக்கியன்'னாரு."

தெய்வநாயகி ஏரியைப் பார்த்தாள்.

ஏரி எப்போதும் போல் இருந்தது. படகைச் சுற்றி ஒரு கை அள்ளிப் பார்த்தாள். பச்சை இல்லை. சாட்சாத் ஏரித் தண்ணீர்தான்.

"பாத்தீங்களா மேடம்? நான் யோக்கியன்!" என்றார் ஜெகதீசன், பிணத்துக்குப் பக்கத்தில் நின்று பல்லெல்லாம் தெரிய.

"யார் முதல்ல பார்த்தது?"

"நான்தான் மேடம்." ஈர பனியனோடு ஓர் இளைஞன் முன்னால் வந்தான். செல்வராஜ். ஜலராணியின் டிரைவர். "ஆறரைக்குப் பாத்தேன். எகிறிக் குதிச்சு இஸ்துகினு வந்தேன். உசுரு இல்ல."

அவன் பனியனிலும் பச்சை.

அதற்குள் கரையில் மைக் கர்ர்ரென்றது.

"தியாகி காசிநாதன் சிந்திய உயிருக்கு... நீதி வேண்டும்!"

வெள்ளை வேட்டி. வெள்ளைச் சட்டை. நெற்றியில் திருநீறு. ஏரிப் பாதுகாப்புக் குழுத் தலைவர் சுப்புராமன். அவருக்குப் பின்னால் ஐம்பது பேர்.

படகு விதிகளை எழுதியவர் அவர். ஊராட்சியில் போராடி நிறைவேற்றியவரும் அவர். எந்தக் கூட்டம் போட்டாலும் முடிவில் ஒரு சொம்பு ஊர்க் குழாய்த் தண்ணீரைத் தூக்கிக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, 'இது தண்ணீர் இல்லை, தாய்ப்பால்!' என்பார். கைதட்டல் ஏரியின் அக்கரை வரைக்கும் கேட்கும்.

இன்றைக்கும் கூட்டம் கைதட்டியது. சொம்புதான் வரவில்லை. செத்த வீட்டு மரியாதை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம் வந்தார். பிணத்தைப் பார்க்க ஒரு நிமிடம், கேஸை முடிக்க அரை நிமிடம் எடுத்துக்கொண்டார்.

"வயசான ஆளு. வழுக்கி வுயுந்துட்டாரு. பாடியை செங்கல்பட்டுக்கு அனுப்பு. சாயந்திரம் ஃபைலை மூடு."

*

மதியம் பன்னிரண்டே முக்கால்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ஜெயப்பிரியாவின் குரல். அவசரமே இல்லாத குரல்.

"மூழ்கித்தான் செத்திருக்கார். காலையில அஞ்சு, அஞ்சரை இருக்கும். ஆனா அந்த ஏரியில இல்ல."

தெய்வநாயகி நிமிர்ந்தாள். "எப்படிச் சொல்றீங்க டாக்டர்?"

"நுரையீரல் பூரா பச்சை கலர் தண்ணி. உங்க ஏரி பச்சையா?"

"இல்ல."

"அப்ப வேற எங்கேயோ முகத்தை அமுக்கியிருக்காங்க. பின்கழுத்துல விரல் தடம் இருக்கு. இன்னொண்ணு... நுரையீரல்ல கொஞ்சம் களிமண்ணும் இருக்கு."

"ஏரியில மிதந்ததால வந்திருக்குமா?"

"பிணம் மூச்சு இழுக்காது மேடம்" என்று சொல்லி டாக்டர் போனை வைத்தாள்.

இதைக் கேட்டதும் ஏகாம்பரத்தின் மூளை வேலை செய்தது. அது எப்போதாவது வேலை செய்யும். செய்யும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் லாக்கப்புக்குப் போவார்.

"பச்சைத் தண்ணி எங்க இருந்துச்சு? படகு டாய்லெட்ல! படகுச் சாவி யார்கிட்ட கீது? செல்வராஜ்கிட்ட! கெழவனை டாய்லெட்ல முக்கிக் கொன்னுட்டு ஏரியில தள்ளிட்டான். அவன் பனியனைப் பாத்தியா? பச்சை!"

"அவன்தானே சார் பிணத்தைத் தூக்கினான்? ஒட்டியிருக்கும்..."

"போன வாரம் பத்துப் பேருக்கு முன்னால இன்னா சொன்னான்? 'தெனம் கக்கூஸைக் கிளறிகினு வந்தீன்னா ஏரியில தள்ளிடுவேன்'னு சொன்னானா, இல்லியா?"

"சொன்னான் சார். கோபத்துல..."

"சொன்னதைச் செஞ்சுட்டான். அஞ்சு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தறோம். அப்பால பொங்கல் லீவு. ஜாமீனு, கீமீனு எல்லாம் அப்பால!"

ஒன்றே காலுக்கு செல்வராஜ் லாக்கப்பில் இருந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெய்வநாயகியைப் பார்த்தான்.

"நான் அவரைக் காப்பாத்தலாம்னு குதிச்சேன் மேடம்."

"தெரியும்."

"என்னைத் தூக்குல போட்ருவாங்களா?"

"உடனே போட மாட்டாங்க."

அவன் அழ ஆரம்பித்தான். ஆறுதல் சொல்லும் கலை தெய்வநாயகிக்குக் கைவந்ததில்லை.

ஆனால் அவளுக்குத் தெரியும், இவன் இல்லை என்று. பீங்கான் கழிவறையில் களிமண் எங்கிருந்து வரும்? ஒரு மனுஷர் நம்பிக் கூப்பிட்டு, போகாமல் தூங்கியாகிவிட்டது. அந்தப் பாவம் போதாதென்று, தண்ணீரில் குதித்தவனையும் உள்ளே தள்ள வேண்டுமா? மனசு கேட்கவில்லை.

"அழாத. காலையில அஞ்சு மணிக்கு எங்க இருந்தே?"

"படகுலதான். லாரி வந்துச்சு. தொட்டி மூடியைத் தொறந்து வுட்டேன். உறிஞ்சிகினு போயிடுச்சு. மறுபடி படுத்துட்டேன்."

"லாரி டிரைவர் யாரு?"

"எப்பவும் வர்ற ஆளுதான்னு நெனச்சேன். பனி மேடம். தலையில துண்டைச் சுத்திகினு இருந்தான். பேசவே இல்ல."

தெய்வநாயகி கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒன்று ஐம்பது. மூன்று மணி பத்து நிமிடம் பாக்கி.

*

ஜலராணியின் ஆறு கழிவறைகளையும் அவள் பார்த்தாள். ஜெகதீசன் ஒவ்வொரு கதவையும் புதுமனை புகுவிழா மாதிரி திறந்து காட்டினார்.

"நாசூக்கா வெச்சிருக்கேன் மேடம். பாருங்க, மின்னுது!"

மின்னியது. எதிலும் ஒரு துளி பச்சை இல்லை. வால்வில் ஈய முத்திரை அப்படியே இருந்தது.

"தொட்டியோட மூடி எவ்வளவு அகலம்?"

"நாலு இஞ்ச். லாரி பைப்பு நுழையற அளவு."

"காசிநாதன் தலை நுழையாது."

"தேங்காயே நுழையாது மேடம்."

தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். அடியில் மட்டும் பச்சைக் கசடு. மற்றதெல்லாம் காலி.

ஆக, நேற்று ஊற்றிய பச்சை முழுக்க லாரியில் போயிருக்கிறது. காசிநாதனின் நுரையீரலுக்குள் போனதும் லாரிப் பச்சைதான். லாரி எங்கே கொட்டியதோ, அங்கேதான் அவர் செத்திருக்கிறார். அங்கே களிமண் இருக்கிறது!

"அந்த லாரி யாருது?"

"பேரெல்லாம் தெரியாது மேடம். மாசா மாசம் ஒரு ஆளு வந்து டப்பு வாங்கிகினு போவான். ஏற்பாடு பண்ணிக் குடுத்தது நம்ம சுப்புராமன் சாரு."

"சுப்புராமனா? உங்களுக்கும் அவருக்கும்தான் ஆகாதே!"

"ஆகாதுதான். 'நம்பிக்கையான லாரின்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்'னாரு. நான் இன்னா பண்றது? அவரு வூட்ல அட்ரஸ் இருக்கும், கேளுங்க."

ஜீப் கிளம்பியது. கரையில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சுப்புராமன் இன்னும் மைக்கில் நீதி கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு நடுவே லாரி அட்ரஸ் கேட்டால் நன்றாக இருக்காது. வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று அவரைத் தாண்டி ஊருக்குள் போனாள்.

ஊர் இரண்டு கிலோமீட்டர்.

தெருவில் நுழையும்போதே...

"அய்யய்யோ...! அய்யய்யய்யோ...!!"

ஒரு பெண்ணின் அலறல்!

எத்திராஜ் பிரேக்கை மிதித்தார். தெருக் குழாயடியில் சின்னப்பொண்ணு என்கிற நாற்பது வயதுக்காரி நெஞ்சில் கை வைத்து நின்றாள். காலடியில் ஒரு குடம். எவர்சில்வர் குடம். அது நிறைய...

பச்சை!

"கொழாயைத் தொறந்தேன்மா... பச்சையா வருது! பாம்பு கக்கின மாதிரி வருது!"

"எப்போலேருந்து?"

"இப்பத்தான்! காலையில கரண்ட்டு இல்ல, தண்ணி வுடல. மதியம்தான் மோட்டார் போட்டாங்களாம். மூணு மணிக்கு இப்பத்தான் தொறந்து வுட்டாங்க. நான்தான் மொத ஆளு!"

தெரு திரண்டது. ஒருத்தி 'மாரியாத்தா எறங்கிட்டாடி!' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த இரண்டு நிமிடத்தில் குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரமும் ஏற்றிவிட்டார்கள். வருஷத்துக்கு நாலு தடவை அந்தக் குழாய்த் தண்ணியால்தான் வாந்திபேதி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம் என்பது யாருக்கும் அப்போது ஞாபகம் இல்லை.

தெய்வநாயகிக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்கியது.

ஊருக்குத் தண்ணீர் தரும் கிணறு ஏரியின் வடக்குக் கோடியில், வரத்துக் கால்வாயை ஒட்டி இருக்கிறது. பழைய கிணறு. உறை உடைந்த கிணறு. கால்வாய்த் தண்ணீர் தாராளமாக உள்ளே போகும். லாரி செங்கல்பட்டுக்குப் போகவே இல்லை!

படகு ஒழுகவில்லை. சட்டப்படி, முத்திரைப்படி, சுத்தமாக எடுத்துக்கொண்டு போய் ஊர் வாயில் ஊற்றியிருக்கிறார்கள்!

இதைத்தான் காசிநாதன் காட்டக் கூப்பிட்டிருக்கிறார்.

"எத்திராஜ்! மோட்டார் ஆபரேட்டரைப் புடிச்சு மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க. அப்படியே கால்வாய்ப் பக்கம் போய்ப் பாருங்க. இன்னா கெடைச்சாலும் எனக்கு செல்லுல சொல்லுங்க. ஊர்ல யாருக்கும் மூச்சு விடாதீங்க!"

"ஊரே பாத்துகினு கீது மேடம்."

"சேதி ஏரிக்கரைக் கூட்டத்துக்குப் போக வேணாம். அதுதான் சொல்றேன்."

*

சுப்புராமன் வீடு தெருக் கோடியில். அவர் மனைவி ராஜம் வாசலுக்கே வந்துவிட்டாள். வெகுளியான, வாய் ஓயாத மனுஷி.

"வாம்மா வா! இன்னா இந்த வெயில்ல? மொதல்ல தண்ணி குடி."

சொம்பு வந்தது.

தெய்வநாயகி வாய்க்குக் கொண்டுபோனவள், நிறுத்தினாள். உள்ளே பார்த்தாள்.

தெளிந்த தண்ணீர்.

"உங்க வீட்ல மட்டும் தண்ணி தெளிவா இருக்கே?"

"அது கேன் தண்ணிம்மா." ராஜம் மூலையைக் காட்டினாள். நீல நிற இருபது லிட்டர் கேன்கள். நாலு. "காலங்காத்தால வண்டியில போட்டுகினு வந்து எறக்கிட்டாரு."

"யாரு? சாரா? கேன் தண்ணியா?"

"அதான எனக்கும் அதிசயம்! ஜுரத்துல கெடந்தப்ப கூட ஏரித் தண்ணியைத் தவிர வேற தொடமாட்டாரு. இன்னிக்கு ஆறு மணிக்கு வந்தாரு. வேட்டியோட கெணத்தடியில நின்னு தலைக்கு ஊத்திகினாரு. 'பைப்பைத் தொறக்காத. சாமிக்கு வெக்கற தண்ணி கூட அதுல வேணாம்'னாரு. எதுனா விரதமா இருக்கும்னு வுட்டுட்டேன்."

ஆறு மணி!

குழாயில் பச்சை வந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. அதை இந்த மனுஷர் காலை ஆறு மணிக்கே எப்படித் தெரிந்துகொண்டார்?

தெய்வநாயகி முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"படகுக்கு ஒரு லாரி ஏற்பாடு பண்ணியிருந்தாராமே... அட்ரஸ் வேணும்."

"அட்ரஸ் எதுக்கு? பின்னால கொட்டாயில நிக்குது, பாரு. எங்க தம்பி பேர்ல இவருதான் வாங்கிப் போட்டாரு. ஊர்ல தெரிஞ்சா கண்ணு படும்னு சொல்லிக்கறதில்ல."

"டிரைவர்?"

"பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டான். போறப்பவே 'எப்பவும் கொட்டற எடம்' எதுன்னு இவருகிட்ட சொல்லிட்டுத்தான் போனான். இவரே இன்னிக்கு ஓட்டிகினு போனாரு. பாவம், வயசான காலத்துல..."

செல்போன் அடித்தது. எத்திராஜ்.

"மேடம்! கால்வாய் மதகுகிட்ட பச்சைக் குட்டை கீது. சேறு. லாரி டயர் தடம். புதர்ல காசிநாதன் சாரோட டி.வி.எஸ். பிஃப்டி கீது மேடம்!"

தெய்வநாயகி கொட்டகைக்குப் போனாள். லாரியின் பைப் வாயில் விரலை விட்டு எடுத்தாள்.

விரல் பச்சை.

மணி மூன்று நாற்பது.

"அம்மா, இந்தச் சொம்பை அப்படியே எடுத்துட்டுப் போறேன். சாருக்குக் குடுக்கணும்."

"குடும்மா. பேசிப் பேசித் தொண்டை காஞ்சிருக்கும்" என்றாள் ராஜம்.

*

படகுத்துறையில் கூட்டம் இருநூறாகியிருந்தது.

"...ஏரியில் ஒரு துளி கழிவு கலக்க, என் உடம்பில் உயிர் இருக்கும்வரை விடமாட்டேன்!"

கைதட்டல்.

தெய்வநாயகி நேராக மேடைக்குப் போனாள். சொம்பை நீட்டினாள்.

"சார், இன்னிக்குச் சொம்பைக் காணோமே? நானே கொண்டாந்தேன். ஊர்க் குழாய்த் தண்ணி. இப்பத்தான் வுட்டாங்க."

"குடி நைனா!" என்று கூட்டத்தில் யாரோ குரல் கொடுத்தான். கைகள் தட்டத் தயாராயின.

சுப்புராமன் சொம்பை வாங்கினார். உயரத் தூக்கினார். அது பழக்கம்.

பிறகு இறக்கினார்.

உள்ளே பார்த்தார்.

வெயில் பக்கம் சாய்த்துப் பார்த்தார். மறுபடி நேராக்கிப் பார்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார்.

ஒரு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு குடித்த மனுஷர், இன்றைக்கு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் தண்ணீரைப் பார்த்தார்.

"என்ன சார் பாக்கறீங்க?"

"ஒ... ஒண்ணுமில்ல. இன்னிக்கு விரதம்..."

"விரதத்துல தண்ணி குடிக்கலாம் சார். தாய்ப்பால்னு நீங்கதானே சொல்வீங்க?"

"குடி நைனா! குடி!"

இருநூறு பேர் தட்டினார்கள். சுப்புராமன் சொம்பை உதட்டில் வைத்தார். ஒரு வாய் உள்ளே போனது. அடுத்த நொடி...

உவ்வேக்!

மைக்கில் விழுந்தது. ஸ்பீக்கர் அதை ஏரி முழுக்க அறிவித்தது. கரையோரப் பறவைகள் கூட்டமாய் எழும்பின.

தெய்வநாயகி மைக்கை ஓரமாய் நகர்த்தினாள்.

"ஏன் சார்? அது உங்க வீட்டு கேன் தண்ணி. காலையில ஆறு மணிக்கு நீங்களே வாங்கி எறக்கினது."

சுப்புராமன் வெறித்தார்.

"உங்க லாரி பைப்புல பச்சை. மதகுக்குட்டையில பச்சை. அங்கேயே காசிநாதன் சாரோட வண்டி. மூணு மணிக்கு ஊர்க் கொழாயில பச்சை. ஊருக்கே மூணு மணிக்குத் தெரிஞ்சது உங்களுக்கு மட்டும் ஆறு மணிக்கு எப்படித் தெரிஞ்சுது சார்?"

தட்டிய கைகள் இறங்கின.

சுப்புராமன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எனக்கே... இன்னிக்குக் காலையிலதான் தெரியும்மா!"

"எது?"

"அந்தப் பாவி டிரைவர் எங்க கொட்டறான்னு! செங்கல்பட்டு வரைக்கும் போறான்னு நெனச்சுகினு டீசல் போட்டுகினு இருந்தேன். 'எப்பவும் கொட்டற எடம் மதகுதான்'னு நேத்துத்தான் சொன்னான். எந்த மதகுன்னு போயி நின்னப்பத்தான் பாக்கறேன்... பத்தடியில கெணறு! ஊர்க் கெணறு!" அவர் குரல் உடைந்தது. "பைப்பைத் தொறந்து வுட்டுட்டுத்தான் பாத்தேன். ஒரு வருஷமா... மேடைக்கு மேடை... தூக்கிக் காட்டி... நான் இன்னாத்தைம்மா குடிச்சேன்?"

முன்வரிசையில் இரண்டு பேர் மெல்ல எழுந்து கருவேல மரத்துப் பக்கம் ஓடினார்கள். அவர்களும் அதே தண்ணீரைத்தான் குடித்தவர்கள்.

"அப்ப காசிநாதன் வந்தாரு?"

"மரத்துப் பின்னாலேருந்து வந்தாரு. கோவப்படல. சிரிச்சாரு. 'சுப்புராமா, சாயந்திரம் கூட்டத்துல சொல்லிடு. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?'ன்னாரு. 'சொல்லாத'ன்னு கையைப் புடிச்சேன், காலைப் புடிச்சேன். ஊர் சிரிக்கும்யான்னு கெஞ்சினேன். 'சிரிக்காது, வாந்தி எடுக்கும்'னாரு... நெசமாவே எனக்குக் கண்ணு இருட்டிகினு வந்துச்சு. கழுத்தைப் புடிச்சு அமுக்கிட்டேன். குட்டையிலேயே..."

அவர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"லாரியிலேயே போட்டுகினு வந்து படகுத்துறையில தள்ளிட்டேன். வழுக்கி வுயுந்ததா நெனச்சுப்பாங்கன்னு."

தெய்வநாயகிக்குக் கோபம் வந்தது. கொலைகாரன் மேல் வந்த அளவு தன் மேலும் வந்தது. ஐந்து மணிக்கு ஒரு போலீஸ் ஜீப் அந்த மதகில் நின்றிருந்தால், இந்நேரம் காசிநாதன் சொன்னதைக் கேட்டு ஊர் வாந்தி எடுத்திருக்கும். அவ்வளவுதான். யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

அவள் விலங்கை எடுத்தாள்.

*

நாலு ஐம்பதுக்கு ஜீப் நிலையத்துக்குள் நுழைந்தது. ஏகாம்பரம் செல்வராஜை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எறக்குங்க சார். ஆளை மாத்தணும்."

ஏகாம்பரம் சுப்புராமனைப் பார்த்தார். விலங்கைப் பார்த்தார். தெய்வநாயகி சொன்னதையெல்லாம் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

செல்வராஜ் வேனிலிருந்து இறங்கினான். கும்பிட்டான். 'போய்ட்டு வர்றேன் மேடம்' என்று சொல்ல வாயெடுத்து, இந்த இடத்துக்கு அப்படிச் சொல்லக் கூடாது என்று உறைத்து, வாயை மூடிக்கொண்டு நடந்தான். வாசலைத் தாண்டியதும் ஓடினான்.

வாசலில் ஜெகதீசன் நின்றார்.

"மேடம், அப்ப என் படகு..."

"புதுசா லாரி ஏற்பாடு பண்ணுங்க. அது போற எடம் வரைக்கும் தினம் நீங்களும் லாரியில உக்காந்து போங்க."

"நானா? கழிவு லாரியிலயா?"

"அஞ்சு மணிக்கு!"

ஏகாம்பரம் பேனாவைத் திறந்தார். கேஸ் பேப்பரில் குனிந்தார்.

"கொலைக்கு முன்னூத்தி ரெண்டு. தடயத்தை மறைச்சதுக்கு இருநூத்தி ஒண்ணு. சரி... ஒரு வருஷமா ஊர்க் கெணத்துல கழிவு கொட்டினதுக்கு?"

"ஊராட்சித் தீர்மானத்துல இருக்கு சார். கடைசிப் பாரா. சுப்புராமன் சாரே தன் கைப்பட எழுதினது."

"இன்னா தண்டனை?"

தெய்வநாயகி காகிதத்தைப் புரட்டினாள்.

"முதல் தடவை பிடிபட்டால், வாய்மொழியா எச்சரிச்சு அனுப்பிடணும்."

ஏகாம்பரம் பேனாவைக் கீழே வைத்தார். லாக்கப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எச்சரிச்சிட்டியா?"

"வர்ற வழியிலேயே எச்சரிச்சிட்டேன் சார். இன்னொரு தடவை கொட்டட்டும்... சும்மா விட மாட்டேன்!"